இனிஷியலைச் சரிபார்த்து எழுதுங்கள்

அப்பா வீட்டிலேயே, தூக்கத்தில் போய்விட்டார். அப்படிப் போனால் பார்த்துவந்த டாக்டர் வந்து, இறப்பின் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். சென்னையில் கைலாசபுரமோ, பெசன்ட் நகரோ, கண்ணம்மாபேட்டையோ, எந்தச் சுடுகாட்டிலும் முதலில் கேட்பது அதைத்தான். அகால நேரத்தில் கூப்பிட்டாலும் வரக்கூடிய டாக்டர் யார் என்று, வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கண்தானம் செய்வதானால் 6 மணி நேரத்துக்குள் செய்துவிட வேண்டும். அதுவரை மின்விசிறியை நிறுத்தி, மூடிய இமைகள் மேல் ஈரப் பஞ்சு வைத்திருங்கள்.

சுடுகாட்டில் ஒரு படிவம் எழுதச் சொல்வார்கள். கொள்ளி வைக்கிறவர் அப்போது எழுதுகிற நிலையில் இருக்க மாட்டார். பக்கத்தில் நிற்கும் யாரோ இறந்தவரின் பெயரை நினைவிலிருந்து எழுதிக்கொடுத்தால், அந்தப் பெயரே இறப்புச் சான்றிதழுக்கும் போய்விடும். எங்கள் வீட்டில் சித்தப்பா அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். "அண்ணா ஆதார் எங்கேடா?" என்று கேட்டு வாங்கி, அதைப் பார்த்து எழுத்தெழுத்தாக எழுதினார். அவருக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

நம் பெயர்களின் வாகு அப்படி. அப்பாவின் பாஸ்புக்கில் இனிஷியல் முன்னால் நிற்கும். பான் கார்டில் அதுவே தாத்தாவின் முழுப்பெயராகிப் பின்னால் போயிருக்கும். வீட்டுப் பத்திரத்தில் ஊர்ப்பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். இத்தனை பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் போட வேண்டிவரும். மருத்துவமனையில் இறந்தால், இறப்பைப் பதிவுக்குத் தெரிவிப்பது மருத்துவமனைதான். அதனால் சேர்க்கும்போதே ஆதாரில் உள்ளபடி பெயர் கொடுங்கள். இறப்பு 21 நாளுக்குள் பதிவாகிவிட வேண்டும். சான்றிதழை மாநகராட்சி இணையதளத்திலேயே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அச்செடுப்பதற்கு முன் ஒவ்வொரு எழுத்தையும் படித்துப் பாருங்கள்.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகத்துக்குப் போகும். மனைவி, மக்கள் என்று எழுதியதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி (1956) இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. எங்கள் பாட்டி இருந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய்க் கையெழுத்துக் கேட்பதா என்று உறவினர் சிலர் தயங்கினார்கள். காரியங்கள் முடியட்டும் என்று காத்திருந்து, அருகில் உட்கார்ந்து எதற்கென்று சொல்லிக் கேட்டோம். அவள் உரிமையை அவளுக்குச் சொல்லாமல் இருப்பதுதான் தப்பு.

வங்கியில் நாமினியிடம் பணத்தைக் கொடுப்பார்கள்; அதனால் அது அவருக்கே சொந்தமாகிவிடாது, வாரிசுகளுக்குச் சேர வேண்டியது. இதை உடன்பிறந்தவர்கள் முதலிலேயே பேசிவிடுங்கள், மனஸ்தாபம் வராது. ஏடிஎம் கார்டு கையில் இருக்கிறதே என்று பணம் எடுக்காதீர்கள்.

இறந்தவரின் மொபைல் எண்ணை மட்டும் அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள். காப்பீட்டுக் கடிதமும் மியூச்சுவல் ஃபண்டு தகவலும் ஓடிபியும் அதற்குத்தான் வரும். கடைசி ஆண்டின் வருமான வரிக் கணக்கை வாரிசு தாக்கல் செய்து முடிக்கிறவரையாவது அது உயிரோடு இருக்கட்டும்.