மெழுகுவத்தி கற்பித்த பாடம்

நூலைப் படித்து அறிவது ஒரு வகை. நூல் கூறுவதைக் கையால் செய்து பார்த்து அறிவது மற்றொரு வகை. பின்னதன் பெருமையைத் தம் வாழ்வாலேயே உணர்த்தியவர் மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில அறிஞர்.

1791ஆம் ஆண்டு கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்த பாரடே, இளமையில் இலண்டன் நகரில் நூல் கட்டும் தொழில் பயின்றார். அக்காலத்தில் அவர் விரும்பிப் படித்த நூல்களுள் ஒன்று, ஜேன் மார்செட் அம்மையார் எழுதிய ‘வேதியியல் உரையாடல்கள்’ என்பது. அதில் கண்டவற்றை அவர் அப்படியே நம்பிவிடவில்லை. தம் வறுமைக்கு இயன்ற சிறு சோதனைகளைச் செய்து பார்த்தார். மெய்யெனத் தெளிந்த பின்னரே ஏற்றுக்கொண்டார்.

பிற்காலத்தில் இராயல் நிறுவனத்தின் பேராசிரியராக உயர்ந்தபோதும், அறிவுப் பசி கொண்ட இளையோரை அவர் மறந்தாரல்லர். கிறித்துமஸ் விடுமுறையில் இளையோர்க்கென நிகழும் சொற்பொழிவுகள் அங்கே 1825இல் தொடங்கின. அவற்றுள் 19 தொடர்களைப் பாரடேயே நிகழ்த்தினார். 1860ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய அவருடைய கடைசித் தொடருக்குப் பொருளாக அமைந்தது யாது? எளிய மெழுகுவத்தியே!

மெழுகுவத்தியில் எரிவது திரியா, மெழுகா? பாரடே சுடரை மெல்ல அணைத்தார். திரியிலிருந்து வெண்ணிற ஆவி எழுந்தது. திரிக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, அவ்வாவியில் எரியும் குச்சியைக் காட்டினார். நெருப்பு ஆவியின் வழியே இறங்கித் திரியைப் பற்றிக்கொண்டது! உருகிய மெழுகு திரியில் ஏறி, வெப்பத்தால் ஆவியாகி எரிகின்றது என்பதை அனைவரும் கண்ணாரக் கண்டனர்.

அடுத்து, குளிர்ந்த கிண்ணத்தைச் சுடருக்கு மேலே பிடித்தார். அதன் அடியில் நீர்த்துளிகள் அரும்பின. நெருப்பிலிருந்து நீரா? ஆம்! மெழுகிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடி நீராகின்றது. மெழுகிலுள்ள கரியோ ஆக்சிஜனோடு கூடிக் கரியமில வாயுவாகின்றது. அவ்வாயு தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பால்போல் வெளுக்கச் செய்யும். நாம் விடும் மூச்சும் அவ்வாறே செய்யும். சுடரில் நிகழும் மாற்றத்தைப் போன்றதொன்று நம் உடலுள்ளும் நிகழ்கின்றது என்று பாரடே விளக்கினார்.

மாணவர்களே! இச்சோதனைகளுக்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. ஆசிரியர் அருகிருக்க, நீவிரும் இவற்றைச் செய்து பாருங்கள். காண்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், “ஏன்?” என்று கேளுங்கள். நூல் கட்டிய ஏழைச் சிறுவரை உலகம் போற்றும் அறிஞராக்கியது அவ்வினாவே.