வாடகை வீடும் கமக்காரரின் கணக்கும்

கமம் செய்து வாழ்ந்த குடும்பத்தின் கையில் வருடத்தில் இரண்டு தடவைதான் காசு சேரும். காலபோகம் வெட்டி மாசி, பங்குனியில் ஒருமுறை. குளத்தில் தண்ணீர் நின்றால் சிறுபோகம் வெட்டி ஆவணியளவில் இன்னொருமுறை. வீட்டு வாடகையோ மாதம் பிறந்ததும் வாசலில் வந்து நிற்கும். ஊரைவிட்டு வந்து வவுனியாவிலோ மன்னாரிலோ சாவகச்சேரியிலோ வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள் உழைத்தும் கடன்படுவதற்கு, இந்த இரண்டு கணக்கும் பொருந்தாமை ஒரு பெரிய காரணம். ஆகவே வீடு பார்க்கப் புறப்படுமுன் ஒரு கொப்பியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் காசு கொடுத்து வாங்காதவற்றை முதலில் எழுதுங்கள். இருந்த வீட்டுக்கு வாடகையில்லை. கிணற்றுத் தண்ணீருக்குப் பட்டியல் வரவில்லை. விறகு பற்றைக்காட்டில் கிடைத்தது. முருங்கையிலையும் தேங்காயும் வளவிலேயே இருந்தன. ஒரு பசு நின்றால் பிள்ளைக்குப் பாலும் இருந்தது. பட்டினத்தில் இவை ஒவ்வொன்றும் காசு. வாடகை 8,000 ரூபாய், மின்சாரமும் தண்ணீரும் 2,500, விறகோ காஸோ 3,000 என்று வைத்துக்கொண்டால் மாதம் 13,500. வருடத்துக்கு 162,000 ரூபாய். அரிசி வாங்குவதற்கு முன்னரே போய்விடும் காசு இது.

கார்த்திகை, மார்கழி மாதங்களைத் தனியாகக் குறியுங்கள். மழை அடித்துப் பெய்யும் அந்த நாட்களில் மேசன் வேலை இல்லை, கூலி வேலையும் குறைவு. நெல்லு வெட்ட இன்னும் இரண்டு மாதம் கிடக்கும். நகை அடைவுகடைக்குப் போவது இப்படியான நாட்களில்தான். ஆவணியில் கையில் காசு இருக்கும்போதே அந்த இரண்டு மாத வாடகையையும் வேறாக எடுத்து, மனைவியின் பெயரிலுள்ள சேமிப்புப் புத்தகத்தில் போட்டுவிடுங்கள். (மனைவியின் பெயரில் என்று சொல்வது காரணத்தோடுதான். காரணம் வீட்டுக்கு வீடு தெரியும்.)

தூரத்தில் மலிவாகக் கிடைக்கும் வீடு எப்போதும் மலிவல்ல. வாடகை 2,000 ரூபாய் குறைவு என்று பட்டினத்துக்கு வெளியே போகிறீர்கள். வேலைக்குப் போகும் இருவருக்கு பஸ்ஸில் போகவர ஆளுக்கு 100 ரூபாய் என்றால், 22 நாளைக்கு 4,400 ரூபாய் ஆகிறது.

மின்மானி எத்தனை குடும்பங்களுக்குப் பொது என்று கேளுங்கள். மின்சாரத்தில் அலகு கூடக் கூட ஓரலகின் விலையும் கூடும். மூன்று குடும்பங்கள் நாற்பது, நாற்பது அலகு பாவித்தாலும், ஒரே மானியில் அது 120 அலகாகி உயர்ந்த விலைக்குப் போய்விடும். சிக்கனமாக இருக்கும் குடும்பமே இதில் அதிகம் இழக்கும். உங்கள் பகுதிக்கு வேறாகச் சிறு மானியொன்று பூட்டித் தரும்படி கேட்கலாம். முடியாவிட்டால் பங்கு எப்படிப் பிரிக்கப்படும் என்பதை முதல் நாளே பேசி முடியுங்கள். கிணற்றையும் எட்டிப் பாருங்கள். மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்கவேண்டும். பட்டினத்தின் சிறிய காணிகளில், பக்கத்து வளவுக் குழியும் உங்கள் கிணற்றுக்குக் கிட்ட வந்துவிடும். சந்தேகமென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள், அதற்குக் கட்டணமில்லை.

இனிக் கடதாசி விடயம். கமக்காரர் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். ஊரில் வாய்ச்சொல்லுக்கு மதிப்பிருந்தது. சொன்னவரும் கேட்டவரும் அதே குளத்தடியில் அடுத்த போகமும் சந்திக்கவேண்டியவர்கள். பட்டினத்தில் அப்படியல்ல. மாட்டை விற்று ஒரு வருட வாடகையை முற்பணமாகக் கொடுத்துவிட்டு, ஆறாம் மாதம் வீட்டை விடச் சொன்னதும் கையில் ஒரு துண்டுமில்லாமல் நிற்கும் குடும்பங்கள் உண்டு.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்படவேண்டும். முத்திரை ஒட்டி, "இரண்டு வருடத்துக்கு" என்று நீங்களும் வீட்டுக்காரரும் மட்டும் ஒப்பமிட்ட கடதாசி அந்த இரண்டு வருடத்தை உங்களுக்கு உறுதிசெய்யாது. பெரும்பாலும் மாத வாடகைக்காரராகவே கருதப்படுவீர்கள். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் வாடகைக்காரருக்குப் பலத்த பாதுகாப்புக் கொடுத்தது உண்மை. ஆனால் 1980இலும் 2002இலும் வந்த திருத்தங்கள் பல வீடுகளை அதற்கு வெளியே விட்டன. ஆகவே நீண்ட காலம் இருக்க நினைத்தால் நொத்தாரிசிடம் போங்கள். அந்தச் செலவுக்கு வசதியில்லாவிட்டாலும் எழுதாமல் விடாதீர்கள்: முற்பணம் எவ்வளவு, எந்தத் திகதியில் கொடுத்தது, எப்போது திரும்பும் என்று எழுதிய துண்டு, காசு கொடுத்ததற்காவது சாட்சியாகும். மாதாமாதம் பற்றுச்சீட்டு வாங்குங்கள். எழும்பச் சொல்வது வேறு, சாமான்களைத் தூக்கி வெளியே போடுவது வேறு. நீதிமன்றக் கட்டளையில்லாமல் வீட்டுக்காரர் பின்னதைச் செய்யமுடியாது. பிணக்கு வந்தால் இணக்கசபையும் சட்ட உதவி ஆணைக்குழுவும் இருக்கின்றன.

வீட்டுக்காரரை எதிரியாக நினைக்கவும் வேண்டாம். ஓய்வுபெற்ற ஆசிரியரோ, பிள்ளைகளைத் தூரதேசம் அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் அம்மாவோ, உங்கள் வாடகையில் மருந்து வாங்குபவராக இருக்கக்கூடும். அவரிடம் உங்கள் கணக்கைத் திறந்து சொல்லலாம்: "ஐயா, மாசியில் மூன்று மாத வாடகை சேர்த்துத் தருகிறேன், மார்கழியில் கொஞ்சம் பொறுங்கள்." வாடகைக்கு முந்திய நாள் சொன்னால் இது சாட்டு, வீடெடுக்கும் நாளில் சொன்னால் ஒப்பந்தம்.

வாடகை வீட்டில் வருடங்கள் ஓடும்போது ஊர்க் காணி கைநழுவும் ஆபத்து உண்டு. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கைவிட்டு வெளியேறியவர்களில் எத்தனையோ பேர் இருபது, முப்பது ஆண்டுகள் தங்கள் காணியைக் காணவில்லை. தனியார் காணியொன்றை வேறொருவர் உரிமையாளரின் அனுமதியின்றித் தன்னுடையதுபோல் 10 ஆண்டு தொடர்ந்து ஆண்டால், அதற்கு அவர் உரிமை கோரச் சட்டம் இடமளிக்கிறது. போரினால் காணியை விட்டு வந்தவர்களுக்கென 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் விசேட ஏற்பாடு செய்தது. அது குறுகிய காலத்துக்கே இருந்தது. ஆகவே போகக்கூடிய காணியென்றால் வருடத்துக்கு ஒருதடவையாவது போய் எல்லையைத் துப்புரவாக்குங்கள். உறவினரோ அயலவரோ பார்த்துக்கொண்டால், "உங்கள் அனுமதியோடு பார்க்கிறேன்" என்று அவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். உறவு கெடும் என்று தயங்கவேண்டாம். கடிதம் இல்லாமல் கெட்ட உறவுகளே அதிகம். உறுதியையோ அனுமதிப்பத்திரத்தையோ பிரதியெடுத்து வேறிடத்தில் வையுங்கள். பட்டினத்துக் கிராம அலுவலரிடம் பதியுமுன், ஊர்க் கிராம அலுவலரிடம் போய் மீள்குடியேற்றப் பட்டியலில் உங்கள் பெயர் இருப்பதையும் உறுதிப்படுத்துங்கள்.

குழுவாகக் கூடும்போது பேச: நம் குடும்பங்களில் எத்தனை பேரிடம் கடந்த மாதப் பற்றுச்சீட்டு இருக்கிறது? மார்கழி வாடகையைக் கடனில்லாமல் கட்டியவர்கள் அதை எப்படிச் செய்தார்கள்? ஊர்க் காணியைப் பார்க்க ஒரே வாகனத்தில் சேர்ந்து போக எந்த நாள் வசதி?