குழந்தையின் தோல் அரிப்பு: மீன் காரணமா, பொம்மை காரணமா?

ஆண்டுதோறும் ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை நடைபெறும் தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாவுக்குச் செல்லும் குழந்தைகள் பொம்மைக் கடையில் நில்லாமல் வீடு திரும்புவதில்லை. அதன்பின் கையிலோ கழுத்திலோ தடிப்பும் அரிப்பும் தோன்றினால், "நண்டு சாப்பிட்டான், அதனால்தான்" என்றே பெற்றோர் பலரும் எங்களிடம் கூறுகின்றனர். மீன் உணவை நிறுத்திவிட்ட பிறகே சிலர் மருத்துவமனைக்கு வருகின்றனர். குழந்தை நல்லதொரு புரத உணவை இழக்கிறது. காரணமான பொம்மையோ அதன் கையிலேயே இருக்கிறது.

இரண்டையும் எவ்வாறு பிரித்தறிவது? உணவு ஒவ்வாமை பெரும்பாலும் உண்ட சில நிமிடங்கள் முதல் இரண்டு மணி நேரத்திற்குள் காணாக்கடி போன்ற தடிப்புகளாக வெளிப்படும். பொதுவாக ஒரு நாளில் அடங்கும். தொடுகை ஒவ்வாமை அவ்வாறன்று. பொருள் பட்ட ஒன்று முதல் மூன்று நாள்களில், பட்ட இடத்திலேயே தோல் சிவந்து, கொப்புளித்து, நீர் கசியும். வாரக்கணக்கில் நீடிக்கவும் கூடும். ஆகவே காலத்தையும் இடத்தையும் கவனியுங்கள்.

விளையாட்டு நகைகளிலும் உலோகப் பொம்மைகளிலும் உள்ள நிக்கல் முதன்மையான காரணம். வியர்வையின் உப்பு நிக்கலைக் கரைத்துத் தோலுக்குள் செலுத்துகிறது. புழுக்கம் மிகுந்த நம் கடற்கரையில் இதனை மறக்கலாகாது. பிசுபிசுப்பான ஸ்லைமில் சேர்க்கப்படும் மெத்தில்ஐசோதயசோலினோன் போன்ற பதப்படுத்திகளும், ரப்பரைப் பதப்படுத்தும் வேதிப்பொருள்களும் அவ்வாறே செய்யும். நிக்கல் ஒவ்வாமை ஒருமுறை உருவானால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் தொடரும்.

ஐயத்திற்குரிய பொம்மையை அகற்றி, தோலை வெறும் நீரால் கழுவுங்கள். கசியும் புண்ணில் மஞ்சளோ வேப்பிலையோ அரைத்துப் பூசாதீர்கள். மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு குழந்தையின் தோலை மெலியச் செய்யும். வரும்போது அந்தப் பொம்மையையும் கொண்டு வாருங்கள். தேவையெனில் முதுகில் ஒட்டுச் சோதனை செய்வோம். 48 மணி நேரம் அவ்விடத்தை நனைக்கலாகாது.

பலூன் ஊதியவுடனோ மீன் உண்டவுடனோ உதடு வீங்கினாலும் மூச்சுத் திணறினாலும் அது அவசர நிலை. உடனே 108-ஐ அழையுங்கள். அத்தகைய குழந்தைக்கு மருத்துவர் கூறும்வரை அவ்வுணவைத் தரவேண்டாம்.

2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. முத்திரை இருப்பது பாதுகாப்பைக் கூட்டும். எனினும் ஒவ்வாமையே வராது என்பதற்கு அது உறுதியன்று. பொம்மையின் முத்திரையையும் பாருங்கள். விளையாடிய மூன்று நாள்களுக்குக் குழந்தையின் தோலையும் பாருங்கள். காரணம் தெளிவாகும்வரை மீன் மீது மட்டும் பழி சுமத்த வேண்டாம்.