எஞ்சின் ஓடுகிறது, கார் ஏன் நகரவில்லை?

தானியங்கிக் கியர் பொருத்திய கார் ஒன்று நிற்கிறது. எஞ்சின் நன்றாக ஓடுகிறது. கியர் நெம்பியை முன்னோக்கிச் செல்வதற்கான 'டி' நிலையில் வைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தால், இரைச்சல் கூடுகிறதே தவிர வண்டி அசையவில்லை. "கியர்ப் பெட்டி போய்விட்டது, கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அதற்கு ஆகும் செலவு பெரிது. கழற்றுவதற்கு முன், எஞ்சினின் ஆற்றல் சக்கரத்தை எவ்வழியாக அடைகிறது என்று அறிந்துகொண்டால், அது எங்கே தடைப்பட்டது என்பதைப் பெரும்பாலும் வெளியிலிருந்தே ஊகிக்கலாம்.

ஆற்றல் செல்லும் வழி

ஒரு வாளி நீரில் இலை ஒன்றை மிதக்க விடுங்கள். நீருக்குள் கையை விட்டுச் சுழற்றுங்கள். கை இலையைத் தொடவில்லை. ஆயினும் இலை சுற்றுகிறது. 'டார்க் கன்வர்ட்டர்' எனப்படும் முறுக்குவிசை மாற்றியும் இப்படித்தான் வேலை செய்கிறது. எண்ணெய் நிரம்பிய கூட்டுக்குள், எஞ்சினோடு சுழலும் இறக்கைச் சக்கரம் எண்ணெயை வீசுகிறது. எதிரேயுள்ள மற்றொரு சக்கரம் அந்த வீச்சினால் சுழல்கிறது. இடையிலுள்ள மூன்றாவது சக்கரம் திரும்பிவரும் எண்ணெயின் திசையை மாற்றி, வண்டி புறப்படும்போது முறுக்குவிசையைப் பெருக்குகிறது. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905இல் இதனைக் கப்பல்களுக்காக உருவாக்கிக் காப்புரிமைக்குப் பதிவு செய்தார்.

அடுத்து இருப்பவை கிளட்ச் தட்டுகள். எஞ்சினால் இயங்கும் பம்பு, எண்ணெயை அழுத்தி இத்தட்டுகளை ஒன்றோடொன்று இறுகச் செய்கிறது. பாஸ்கலின் விதியை நினைவுகூருங்கள். அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 70 நியூட்டன் என்றும், பிஸ்டனின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்றும் கொள்வோம். இறுக்கும் விசை 70 × 100 = 7,000 நியூட்டன்! தட்டுகள் இறுகினால்தான் பற்சக்கரங்கள் வழியாக ஆற்றல் அச்சுக்குச் செல்லும்.

பழுதைத் தேடுவோம்

சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கைப் பிரேக்கைப் போட்டு, ஓட்டத் தெரிந்த பெரியவரை இருக்கையில் அமர்த்துங்கள். வண்டிக்கு முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது. நீங்கள் பக்கத்திலிருந்து கவனியுங்கள்.

முதலில் நெம்பி. அது 'டி'க்கு வந்தாலும், அதனைக் கியர்ப் பெட்டியோடு இணைக்கும் கேபிள் கழன்றிருந்தால் பெட்டி பழைய நிலையிலேயே இருக்கும். இது சிறிய பழுதுதான்.

இரண்டாவது, எண்ணெய். வாளியில் நீர் இல்லாவிட்டால் கை சுழலும், இலை சுழலாது அல்லவா? எண்ணெய் குறைந்தால் பம்பு காற்றையும் உறிஞ்சும். காற்று எளிதில் சுருங்குவதால் அழுத்தம் ஏறாது, தட்டுகளும் இறுகா. அளவுகோல் உள்ள கார்களில், கையேடு கூறும் முறைப்படி எண்ணெயின் மட்டத்தைப் பார்க்க வேண்டும். புதிய கார்கள் பலவற்றில் அளவுகோல் கிடையாது. பட்டறையில்தான் பார்க்க முடியும். எண்ணெய் கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால், தட்டுகள் வழுக்கித் தேய்ந்துள்ளன என்று பொருள்.

மூன்றாவது சோதனை அறிவுக்கு விருந்து. வீட்டில் ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் பல்பைப் பார்க்கிறோம். எல்லா விளக்குகளும் அணைந்தால் ஃபியூஸைப் பார்க்கிறோம். அதுபோலக் கட்டையையும் கைப் பிரேக்கையும் எடுத்துவிட்டு, பெரியவர் வண்டியைச் சற்றே பின்னோக்கிச் செலுத்திப் பார்க்கட்டும். பின்னோக்கிச் செல்கிறது, முன்னோக்கி மட்டும் செல்லவில்லை என்றால், இரண்டுக்கும் பொதுவான பம்பு, முறுக்குவிசை மாற்றி, அச்சு ஆகியவை இயங்குகின்றன. குறை முன்னோக்கிய கிளட்ச்சிலோ அதற்கு எண்ணெய் அனுப்பும் வால்வுகளிலோ இருக்கலாம். இரு திசையிலும் அசையவில்லை என்றால் பொதுவான உறுப்புகளையே ஐயுற வேண்டும்.

நான்காவது, அச்சு. சாதாரண டிஃபரென்ஷியல் இரு சக்கரங்களுக்கும் சமமான முறுக்குவிசையையே தரும். ஒருபக்க அச்சு முறிந்தால் அங்கே எதிர்ப்பு இல்லை. எனவே மறுபக்கத்துக்கும் ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது. ஓர் அச்சு முறிந்தாலே கார் நின்றுவிடும்! வேகமானி கியர்ப் பெட்டியின் வெளியச்சோடு இணைந்த கார்களில், நிற்கும் வண்டியிலேயே முள் ஏறும். பெட்டி சுழல்கிறது, அதற்கப்பால்தான் பழுது என்று அந்த முள் காட்டிக்கொடுக்கிறது.

இன்றைய கார்களில் வால்வுகளைக் கணினி இயக்குவதால், அது பதிந்து வைத்துள்ள பழுதுக் குறிகளையும் படித்துப் பார்ப்பார்கள். ஆனாலும் தேடும் முறை ஒன்றே: வழியை அறி, எளியதை முதலில் சோதி, ஒவ்வொன்றாக விலக்கு.

இனி உங்களுக்கு ஒரு கேள்வி. பேட்டரி தீர்ந்துபோன சாதாரணக் கியர்க் காரைத் தள்ளிக் கிளப்பலாம். முறுக்குவிசை மாற்றி உள்ள காரை அவ்வாறு பொதுவாகக் கிளப்ப முடியாது. ஏன்? பம்பை இயக்குவது எது என்று எண்ணிப் பாருங்கள், விடை கிடைத்துவிடும்.