மண்ணுக்குள் உடைந்த குழாய்

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

கிணற்று நீரை மேட்டு நிலத்திற்குக் கொண்டு செல்லும் குழாயை மண்ணில் புதைத்த மறுநாளே நாம் அதை மறந்துவிடுகிறோம். அது உடையும் நாளில்தான் அதன் அருமை தெரிகிறது. சென்ற கோடையில் எங்கள் நிலத்தில், உழவு ஓட்டிய டிராக்டரின் கொத்துக் கலப்பை இரண்டு அங்குல பி.வி.சி. குழாயைக் கிழித்துவிட்டது. குழாய் ஒரு முழ ஆழத்தில்தான் கிடந்தது. மேட்டுக்காட்டில் நிலக்கடலை விழுது இறங்கும் பருவம். அக்குழாயை நான் ஒருமுறை தவறாகவும் மறுமுறை சரியாகவும் செப்பனிட்டேன். வகுப்பில் படித்த இயற்பியல் அங்கே எவ்வாறு துணை நின்றது என்பதை மாணவ நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உடைப்பைக் காணல்

நீர் ஊறி வெளிவரும் இடமே உடைந்த இடம் என்று எண்ணக்கூடாது. நீர் மண்ணுக்குள் சரிவை நோக்கிச் சென்று தாழ்ந்த இடத்தில் தலைகாட்டும். ஆகவே ஈரம் தெரியும் இடத்திலிருந்து மேட்டுப் பக்கமாகத் தேடிச் செல்ல வேண்டும். கடப்பாரையால் குத்திப் பார்த்தால் இரண்டாவது ஓட்டையும் விழும். மண்வெட்டியால் மேல்மண்ணை எடுத்துவிட்டு, குழாயின் அருகே கையால் தோண்டுவதே நலம்.

சிறு ஓட்டைதானே என்று விடுவதும் தவறு. பதினேழாம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் டாரிசெல்லியின் விதிப்படி, 10 மீட்டர் நீர்மட்ட அழுத்தமுள்ள குழாயிலிருந்து நீர் வினாடிக்கு 14 மீட்டர் வேகத்தில் பீறிடும். ஒரு சதுர சென்டிமீட்டர் ஓட்டை என்றால், தாரை சுருங்குவதைக் கணக்கில் கொண்டாலும் நிமிடத்திற்குச் சுமார் 50 லிட்டர் வீணாகும். ஒரு மணி நேரத்தில் இது 3000 லிட்டர்!

வெட்டுதல்

முதலில் மோட்டாரை நிறுத்தி ஃபியூசைக் கழற்றிவிட வேண்டும். குழியில் தேங்கிய நீரை இறைத்துவிட்டு, குழாயின் அடியிலும் ஒரு சாண் மண்ணை எடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் விரிசலோடு வெட்டை நிறுத்தக்கூடாது. விரிசலின் கூர்முனையில் தகைவு பன்மடங்கு குவிவதால் குறைந்த விசையிலும் அது மேலும் ஓடும். ஆங்கிலேயப் பொறியியலாளர் கிரிஃபித் 1921-இல் வெளியிட்ட ஆய்வு விரிசல் வளர்வதற்கான காரணத்தை விளக்கியது. எனவே விரிசல் முடியும் இடத்திலிருந்து இருபுறமும் அரை அடி தள்ளி, ரம்பத்தால் நேராக வெட்டிப் பிசிறுகளைச் சீவிவிட வேண்டும்.

இணைத்தல்

இங்கேதான் சிக்கல் இருக்கிறது. இரு முனைகளும் மண்ணில் பிடிபட்டிருக்க, நடுவில் புதுத் துண்டை எப்படிச் செருகுவது? வழி வடிவியலில் உள்ளது. குழாயை ஆறு மீட்டர் நீளத்திற்குத் தோண்டி வெளிப்படுத்தி, நடுப்பகுதியை 30 செ.மீ. உயர்த்தி வில்போல் வளைத்தால், இரு முனைகளுக்கும் இடையே சுமார் 4 செ.மீ. இடம் கிடைக்கும். இணைப்பின் வாயில் குழாய் நுழையும் ஆழமும் ஏறக்குறைய அதுவே. துண்டை ஒருபுறம் ஒட்டிவிட்டு, மறுமுனையை வாயில் பொருத்தி வில்லை மெல்ல அமுக்கினால் அது தானே உள்ளே சென்று அமரும்.

கடையில் 'சொல்யூஷன்' என்று கேட்டு வாங்குவது வெறும் பசையன்று. அது பி.வி.சி.யின் மேற்பரப்பையே கரைக்கிறது. கரைந்த இரு பரப்புகளும் கலந்து, கரைப்பான் ஆவியாகி வெளியேறிய பின் ஒரே பொருளாக இறுகுகின்றன. ஆகவே பரப்பில் ஈரமோ மண்ணோ இருக்கக்கூடாது. உப்புத்தாளால் தேய்த்து, துணியால் துடைத்து, குழாயின் வெளிப்புறத்திலும் இணைப்பின் உட்புறத்திலும் தடவ வேண்டும். அதன் ஆவி எளிதில் தீப்பற்றும். பீடி பிடிப்பவரை அருகே விடக்கூடாது.

என் தவறு

அன்றிரவு பத்து மணிக்கு மும்முனை மின்சாரம் வரவேண்டிய முறை. எட்டு மணிக்கு ஒட்டி முடித்தேன். கடலை வாடுகிறதே என்ற பதைப்பில் பத்து மணிக்கே மோட்டாரைப் போட்டேன். அரை மணியில் இணைப்பு கழன்று குழி குளமாயிற்று. அந்த முறை நீர் முழுவதும் போயிற்று.

அப்பா கோபிக்கவில்லை. "அழுத்தம், விசைன்னு காலேஜ்ல படிக்கிறயே தம்பி, அவசரப்படக் கூடாதுன்னு சொல்லித் தரலையா?" என்று மட்டும் கேட்டார். ஆற அமர எண்ணியபோது இரண்டு பிழைகள் புலப்பட்டன. கரைப்பான் வெளியேற நேரம் தரவில்லை என்பது ஒன்று. விளக்கு வெளிச்சத்தில் குழாயின் அடிப்புற ஈரத்தைத் துடைக்காமல் விட்டது மற்றொன்று.

ஒருமுறை ஒட்டிய இணைப்பு மீண்டும் பயன்படாது. மறுநாள் அதை வெட்டி எறிந்துவிட்டுக் காலை ஆறு மணிக்கே வேலையைத் தொடங்கினேன். அதற்கும் காரணம் உண்டு. ஆறு மீட்டர் பி.வி.சி. குழாய் 20 பாகை செல்சியஸ் சூடேறினால் சுமார் 8 மி.மீ. நீளும். நண்பகலில் நீண்ட குழாயை ஒட்டிப் புதைத்தால், குளிர்ந்ததும் சுருங்கி இணைப்பை இழுக்கும். இம்முறை 24 மணி நேரம் காத்திருப்பது என்று முடிவு செய்தேன். அதற்காக அன்றைய மின்சார முறையையும் விட்டுக்கொடுக்க வேண்டும். வாடிய செடிகளைப் பார்த்துக்கொண்டே அப்பா அதற்கு இசைந்தார். அவ்விசைவே எனக்குப் பெரிய தேர்வாக இருந்தது.

சோதித்தலும் மூடுதலும்

குழியை மூடாமல் வால்வைச் சிறிது சிறிதாகத் திறந்து, காற்று வெளியேறும்படி நீரை விட்டோம். ஓடும் நீரைத் திடீரென நிறுத்தினால் அதன் உந்தம் குழாயை அறையும். ஆகவே வால்வைத் திறப்பதும் மூடுவதும் மெதுவாகவே நிகழவேண்டும். அரை மணி பார்த்தும் ஒரு துளி கசியவில்லை. பின்னர் கல்லில்லாத பொடிமண்ணைக் குழாயின் அடியிலும் பக்கங்களிலும் இட்டு மிதித்தோம். அந்த நீளத்தை மட்டுமாவது இரண்டரை அடி ஆழத்திற்கு இறக்கி, இரு முனைகளிலும் அடையாளக் கல் நட்டோம்.

முடிவுரை

கடலை பிழைத்தது, ஆனால் இரண்டு பாத்திகள் தேறவில்லை. சூத்திரங்களை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த எனக்கு, அவற்றில் காலமும் ஓர் அளவு என்பதை அந்த இரண்டு பாத்திகளே கற்பித்தன. அறிவியல் ஆய்வுக்கூடத்தில் மட்டும் இல்லை. அது நம் வீட்டு வயலில், ஒரு முழ ஆழத்திலும் புதைந்து கிடக்கிறது. பொறுமையோடு தோண்டுவோம்.