கடல் கடந்து பொறியியல் கற்க

கடந்த கோடை விடுமுறையில் ஒருநாள் சித்தப்பா எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்தார். தம்பியை ஜெர்மனிக்கு அனுப்பி இயந்திரப் பொறியியல் படிக்க வைக்கப் போவதாகவும், முகவர் ஒருவர் எல்லாவற்றையும் முடித்துத் தருவதாகவும், ஆற்றோர நிலத்துக்கு விலை பேசியாயிற்று என்றும் கூறினார். “நீதான் படிச்சவனாச்சே, இதைப் பாரப்பா” என்று வண்ணப் படங்கள் நிறைந்த கையேடு ஒன்றையும் நீட்டினார். இயற்பியல் மாணவனாகிய எனக்குப் பொறியியலே தூரம். ஜெர்மனி அதனினும் தூரம். ஆயினும் நிலம் போகிறதே என்ற கவலையில் படிக்கத் தொடங்கினேன்.

கையேட்டில் கண்டது ஒரு தனியார் கல்லூரி. ஆண்டுக்குப் பல்லாயிரம் யூரோ கட்டணம். முதல் ஐயம் அங்கேயே எழுந்தது. ஏனெனில் அந்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை அயல்நாட்டு மாணவரிடமும் பயிற்சிக் கட்டணம் பெறுவதில்லை. செமஸ்டர்தோறும் ஒரு சிறு பங்களிப்புத் தொகை மட்டுமே. விலக்குகளும் உண்டு. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ விதித்தது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024இல் கட்டணம் வாங்கத் தொடங்கியது. தனியார் கல்லூரி என்றாலே தீது என்று கூறமாட்டேன். அரசின் அங்கீகாரம் பெற்றதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

அரசுக் கல்வியிலும் இரு வகை. ‘யூனிவர்சிட்டேட்’ ஆராய்ச்சியையும் கோட்பாட்டையும் முதன்மையாகக் கொண்டது. ‘ஹோக்‌ஷூலே’ என வழங்கும் செயல்முறைக் கல்லூரிகள் பலவற்றில் ஒரு செமஸ்டர் தொழிற்சாலையிலேயே கழியும். பட்டறையில் ஆர்வமுள்ள தம்பிக்கு இதுவே பொருந்தும் என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் உண்மையான இடர் நுழைவாயிலில் இருந்தது. நமது பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழை மட்டும் கொண்டு அங்கே நேரடியாக இளநிலைப் பட்டத்தில் சேர இயலாது. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் தேறியிருக்க வேண்டும். அல்லது இங்கே பட்டப்படிப்பில் ஓராண்டு முடித்திருக்க வேண்டும். இல்லையேல் அங்கே ‘ஸ்டூடியன்கொல்லேக்’ என்னும் ஆயத்தப் பள்ளியில் பயின்று தேர்வெழுத வேண்டும். அந்தப் பள்ளிக்கே ஜெர்மன் மொழி வேண்டும்! அரசுப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பொறியியல் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். ஆங்கிலவழிப் படிப்புகள் முதுநிலையிலேதான் மிகுதி. கையேடு இவற்றில் ஒரு வரியும் சொல்லவில்லை. தம்பிக்கோ ஜெர்மன் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது.

செலவையும் கணக்கிட்டேன். கட்டணம் இல்லையாயினும் சோறு உண்டல்லவா? விசாவுக்காக வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டிய ஓராண்டுத் தொகை 2024 செப்டம்பரில் 11,904 யூரோவாக உயர்ந்தது. மாதம் 992 யூரோ வீதம் அதை எடுத்துக்கொள்ளலாம். மேலும், 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்கள் தம் சான்றிதழ்களைப் புதுதில்லியிலுள்ள ஏ.பி.எஸ். அலுவலகத்தில் சரிபார்க்கவும் வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். இரவு முழுதும் அவர் பேசவில்லை. தம்பி என்னிடம் மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. முகவரிடம் கொடுத்த முன்பணமும் திரும்பவில்லை.

தம்பி இப்போது அரசுப் பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் முதலாண்டு மாணவன். மாலையில் ஜெர்மன் வகுப்புக்குப் போகிறான். ஓராண்டு முடித்துப் போவதா, பட்டம் பெற்று முதுநிலைக்குப் போவதா என்பதில் தந்தைக்கும் மகனுக்கும் இன்னும் வழக்கு. ஆற்றோர நிலத்தில் இவ்வாண்டும் நாற்று நட்டிருக்கிறார்கள்.