கடைச் சிப்பந்திகளுக்குச் செய்தி சேர்க்கும் வழிகள்

முன்னாளில் நம்மவர் கடைகளில் முதலாளி பெட்டியடியில் அமர்ந்திருப்பார். சிப்பந்திகள் அவர் குரல் எட்டும் தூரத்தில் நிற்பார்கள். செய்தி சேர்ப்பதற்கென்று தனி ஏற்பாடு வேண்டியிருக்கவில்லை. இன்றோ ஒருவருக்கே இரண்டு மூன்று உணவுக்கடைகள். இரவு பகலாக முறை மாற்றி வேலை. தமிழகத்துப் பிள்ளைகளோடு வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் சேர்ந்து நிற்கிறார்கள். ஆகவே வாட்ஸ்அப்பில் ஒரு குழுவை அமைத்து, நல்லது கெட்டது அனைத்தையும் அதிலேயே கொட்டிவிடுகிறோம்.

இதனால் விளைந்த கேட்டை என் கடையிலேயே கண்டேன். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கோழி வரவில்லை என்றும், குளிர்பெட்டி பழுது என்றும் குழுவில் அறுபது எழுபது செய்திகள். அவற்றின் நடுவே, ரொட்டி சானாய் போடும் பிள்ளை ஒருவர் தம் உம்மாவுக்கு உடல்நலம் மோசம், ஊர் போக வேண்டும் என்று ஒரே வரி எழுதியிருந்தார். என் கண்ணில் அது படவில்லை. நேரில் கேட்க அவருக்குக் கூச்சம். முதலாளி படித்துவிட்டார், பதில் சொல்லாததே பதில் என்று எண்ணிக்கொண்டார். ஞாயிறு மாலை மவுத்துச் செய்தி வந்த பின்னரே எனக்கு விஷயம் தெரிந்தது. ஜனாஸாவுக்கு அவரால் போய்ச் சேர முடியவில்லை. அவர் என்னை ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. அதுதான் அதிகம் சுட்டது.

பிழை கைப்பேசியில் இல்லை. கோழிக் கணக்குக்கும் தாயின் நோய்க்கும் ஒரே வழியை வைத்ததுதான் பிழை.

பண விஷயம் எதுவானாலும் எழுத்தில் இருக்கவேண்டும். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைப்பதைப் பற்றியதே. தொகை சிறிதோ பெரிதோ, எழுதச் சலிக்கலாகாது என்கிறது. சிப்பந்திக்குக் கொடுக்கும் முன்பணமும் கடன்தானே? ‘நம்ம பிள்ளைதானே’ என்று வாய்ப்பேச்சில் விட்டுத்தான் பின்னால் மனத்தாங்கல் உண்டாகிறது. சட்டமும் இதையே கேட்கிறது. மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். சிங்கப்பூரில் 2016 ஏப்ரல் முதல், முக்கிய வேலை நிபந்தனைகளையும் இனவாரியான சம்பளச் சீட்டையும் எழுத்தில் கொடுப்பது கட்டாயம்.

முறை மாறும் நேரத்துக்குப் பெட்டியடியில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கந்தூரிக்கு எத்தனை பொட்டலம், எத்தனை மணிக்கு, முன்பணம் எவ்வளவு என்று எழுதி, போகிறவரும் வருகிறவரும் கையெழுத்திட வேண்டும். அடுப்புச் சத்தத்தில் ‘லீமா பெலாஸ்’ என்றது ‘லீமா புலோ’ என்று காதில் விழுந்தால் பதினைந்து ஐம்பதாகிவிடும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு சொல்லை விளங்கும்வரை மும்முறை சொல்வார்கள் என்று புகாரியில் வருகிறது. நாம் மும்முறை சொல்லாவிட்டாலும், கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லலாம். எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்குக் குரல் பதிவு நல்லது. ஆனால் எண்ணை மட்டும் இலக்கத்தில் எழுதி அனுப்புங்கள்.

குழு அறிவிப்புக்கு மட்டும் இருக்கட்டும்: நாளை யாருக்கு ஓய்வு, எந்தப் பொருள் தீர்ந்தது என்பன போன்றவை. கண்டிப்பதைக் குழுவில் செய்யவே கூடாது. நாற்பது வயதுச் சமையற்காரரைப் பதினெட்டு வயதுப் பையன் பார்க்கத் திட்டினால், குழம்பின் உப்பு சரியாகலாம். அவர் மனம் சரியாகாது. குடிநுழைவுத் துறைச் சோதனை என்று எங்கிருந்தோ வரும் செய்திகளை விசாரியாமல் குழுவில் போடுவதும் தவறு. செய்தியைத் தீர விசாரிக்கும்படி 49:6 வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது.

நோய், மவுத்து, ஊர்ப்பயணம் ஆகியவற்றுக்கு என் நேர் எண்ணை எல்லாருக்கும் கொடுத்து, எந்த நேரமும் கூப்பிடலாம் என்று சொல்லியிருக்கிறேன். அப்படியும் கூச்சப்படுகிறவர் கூப்பிடுவதில்லை. ஆகையால் திங்கட்கிழமைதோறும் பகல் வியாபாரம் ஓய்ந்தபின், ஒவ்வொருவரோடும் ஐந்து நிமிடம் தே தாரே குடித்தபடி உட்காருகிறேன். முதல் மாதம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் மாதந்தான் ஒருவர் தம் பல்வலியைச் சொன்னார்.

அந்த ரொட்டிப் பிள்ளை ஊருக்குப் போய், நாற்பதாம் நாள் பாத்திஹா முடித்துத் திரும்பிவந்தார். பெட்டியடி நோட்டுப் புத்தகம் இப்போது அவர் பொறுப்பில் இருக்கிறது.